நல்லவர் வாங்கும் சம்பளம்

ஆங்கில நாவலாசிரியர்களில் பணத்தைப் பற்றிக் கூச்சமில்லாமல் எழுதியவர் ஆந்தனி டிராலப். அவருடைய கதையில் ஒரு பாத்திரம் வந்து நின்றால், அவருக்கு மூக்கு எப்படி, முகம் எப்படி என்று சொல்வதோடு நிற்கமாட்டார். வருஷ வருமானம் எவ்வளவு, அது எங்கிருந்து வருகிறது, போதுகிறதா, போதவில்லையா என்பதையும் சொல்லிவிடுவார். தபால் இலாகாவில் 1834 முதல் 1867 வரை உத்தியோகம் பார்த்தவர் அவர். சம்பளம் என்பது கைக்கு வந்து செலவாகிப் போகிற காசு மட்டுமல்ல, ஒரு மனிதனுடைய மானம், குடும்பம், இரவுத் தூக்கம் எல்லாவற்றையும் கட்டி வைத்திருக்கும் கயிறு என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

அவர் 1855-ல் வெளியிட்ட 'தி வார்டன்' என்ற சிறு நாவலை நம்மில் பலர் படித்திருப்போம். படித்தவர்களுக்கு ஞாபகம் இருப்பது, வயலின் குடும்பத்தைச் சேர்ந்த பெரிய வாத்தியம் ஒன்றைக் காதலோடு வாசிக்கும் ஒரு சாதுவான பாதிரியார். கதையின் அடியில் கிடப்பது என்னவோ ஒரு சம்பளக் கணக்குத்தான். ஒரு பொறுப்பில் உட்கார்ந்திருப்பவர் வாங்குகிற சம்பளத்தை வெளியில் இருப்பவர்கள் கேட்கலாமா? கேட்டால் என்ன ஆகிறது? இந்த இரண்டு கேள்விகளை வைத்துக்கொண்டு டிராலப் முழு நாவல் எழுதிவிட்டார்.

இதே கேள்விகள் நகரசபைகளின் வாசலில் வந்து நிற்பதைச் சென்ற இருபது வருஷங்களில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பார்த்திருக்கிறோம். வரி கொடுக்கிற ஜனங்கள், தங்கள் ஊரின் தலைமை உத்தியோகஸ்தர் எவ்வளவு வாங்குகிறார் என்று கேட்கிறார்கள். கேட்பது பொறாமை என்கிறார்கள் ஒரு சாரார். உரிமை என்கிறார்கள் மற்றொரு சாரார். அந்த விவாதத்தைப் பின்தொடர்கிறவர்கள் 'தி வார்டன்' நாவலை மறுபடி எடுத்துப் படிப்பது நல்லது. அதில் வழி கிடைக்கிறது. ஒரு பெரிய வழுக்கலும் இருக்கிறது. இரண்டையும் சொல்ல வேண்டும்.

முதலில் கதை. பார்ச்செஸ்டர் என்பது டிராலப் கற்பனையில் எழுப்பிய ஊர். பிஷப்பும் பேராலயமும் உள்ள பழைய ஊர். 1434-ல் காலமான ஜான் ஹைராம் என்ற கம்பளி வியாபாரி, உழைத்து ஓய்ந்துபோன பன்னிரண்டு கம்பளித் தொழிலாளர்களுக்காக ஒரு தர்ம சத்திரத்தையும், அதன் செலவுக்குச் சில புல்வெளிகளையும் எழுதி வைத்துவிட்டுப் போகிறார். கிழவர்களைக் கவனித்துக்கொள்ள வார்டன் என்று ஒரு பாதிரியார். நானூறு வருஷத்தில் ஊர் வளர்ந்து புல்வெளிகளில் வீடுகள் எழும்பின. வாடகை ஏறியது. ஏறிய வாடகை வார்டனுடைய பங்காகவே போய்ச் சேர்ந்தது. கதை நடக்கும் காலத்தில் வார்டனுக்கு வருஷத்தில் 800 பவுனும் அழகான வீடும். கிழவர் ஒவ்வொருவருக்கும் தங்க இடமும் தினம் 1 ஷில்லிங் 4 பென்ஸும்.

இதைப் பெருக்கிப் பார்க்கலாம். தினம் 16 பென்ஸ் என்றால் வருஷத்துக்கு 24 பவுன் 6 ஷில்லிங் 8 பென்ஸ். பன்னிரண்டு பேருக்கும் சேர்த்து 292 பவுன். யாருக்காக அந்தத் தர்மம் எழுதப்பட்டதோ அந்தப் பன்னிரண்டு பேரும் சேர்ந்து பெறுவதைவிட, அவர்களைப் பார்த்துக்கொள்ள வந்த ஒருவர் இரண்டரை மடங்குக்கு மேல் பெறுகிறார். ஒரு கிழவரோடு வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய 33 மடங்கு.

இந்தக் கணக்கைக் கேட்கிறான் ஜான் போல்ட் என்ற இளம் டாக்டர். ஊரைத் திருத்த வேண்டும் என்ற வேகம் உள்ளவன். வழக்குப் போடுகிறான். 'ஜுபிடர்' என்ற பத்திரிகை அதைக் கையில் எடுத்துக்கொண்டு, பேராசை பிடித்த பாதிரியார் என்று வார்டனை வறுத்தெடுக்கிறது. லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகையைத்தான் டிராலப் அந்தப் பெயரில் கேலி செய்கிறார் என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். தலைக்கு 100 பவுன் கிடைக்கும் என்று யாரோ சொன்னதை நம்பிக் கிழவர்களும் மனுவில் கீறல் போடுகிறார்கள்.

கதைக்குப் பின்னால் நிஜமான சங்கதிகளும் இருந்தன. வின்செஸ்டர் நகரத்தில் செயின்ட் கிராஸ் என்ற பழைய தர்ம ஸ்தாபனத்தின் தலைவர் பதவியை, பிஷப்பாக இருந்த தகப்பனார் 1808-ல் தம் மகனுக்கே கொடுத்தார். பிற்காலத்தில் கில்ஃபர்டு பிரபு ஆன அந்த மகன் பல வருஷங்கள் அதன் வருமானத்தை அனுபவித்தார். விவகாரம் கோர்ட்டுக்குப் போய் 1853-ல் அவருக்கு எதிராக முடிந்தது. டிராலப் தம் நாவலிலேயே அதைக் குறிப்பிடுகிறார்.

இங்கேதான் நாவலாசிரியரின் சாமர்த்தியத்தைக் கவனிக்க வேண்டும். கில்ஃபர்டு பிரபுவைப் போன்ற ஒருவரை அவர் தம் கதையின் வார்டனாக்கவில்லை. அதற்குப் பதிலாக ஹார்டிங் என்ற தங்கமான மனிதரைப் படைத்தார். ஹார்டிங் யாரையும் கடிந்து பேசத் தெரியாதவர். கிழவர்களுக்குச் சங்கீதம் வாசித்துக் காட்டுகிறவர். பதவிக்கு வந்த அன்றே, ஒவ்வொரு கிழவருக்கும் தினம் 2 பென்ஸ் தம் கையிலிருந்து சேர்த்துக் கொடுப்பதாகச் சொன்னவர். இப்படிப்பட்டவரைப் பார்த்து, "நீர் வாங்குகிற 800 பவுன் நியாயமா?" என்று கேட்டால் வாசகருக்கு யார்மீது கோபம் வரும்? கேட்டவன்மீதுதான் வரும். நாவலில் பாதி தூரம் போவதற்குள் நாம் எல்லாரும் ஹார்டிங் கட்சியில் சேர்ந்துவிடுகிறோம். 33 மடங்கு என்ற கணக்கு நினைவிலிருந்து மெல்ல நழுவிவிடுகிறது.

எவ்வளவு தூரம் நழுவுகிறது என்பதற்கு நாவலுக்குள்ளேயே ஒரு வேடிக்கையான சாட்சி இருக்கிறது. ஹார்டிங் தம் கையிலிருந்து கொடுக்கும் தினம் 2 பென்ஸால் அவருக்கு வருஷத்தில் 62 பவுன் 11 ஷில்லிங் 4 பென்ஸ் செலவு என்று டிராலப் எழுதுகிறார். பைசா சுத்தமாகச் சொல்லியிருப்பதால் நாமும் நம்பிவிடுகிறோம். பன்னிரண்டு பேருக்கு 2 பென்ஸ் வீதம் 365 நாளுக்குக் கணக்குப் போட்டால் வருவது 36 பவுன் 10 ஷில்லிங்தான்! பாதிரியாரின் தர்மம் கதாசிரியரின் கையில் ஏறக்குறைய முக்கால் மடங்கு கூடிவிட்டது. தபால் இலாகாக் கணக்குப் பார்த்தவரே இப்படி. படிக்கிறவர்களில் எத்தனை பேர் பென்சிலை எடுத்துப் பெருக்கிப் பார்த்திருப்பார்கள்? நல்ல மனிதர் ஒருவர் எதிரே நின்றால் கணக்குப் பார்க்க மனம் வருவதில்லை. இந்தப் பிழையை நான் குறையாகச் சொல்லவில்லை. நாவல் எதைப் பற்றியதோ அதை இந்தப் பிழை நாவலைவிட நன்றாக எடுத்துச் சொல்கிறது.

டிராலப் எதற்காக ஹார்டிங்கை இவ்வளவு நல்லவராக்கினார் என்பதற்கும் காரணம் உண்டு. டிக்கன்ஸ்மேல் அவருக்கு ஒரு மனத்தாங்கல். நாவலின் நடுவில் 'பாப்புலர் சென்டிமென்ட்' என்று பட்டப்பெயர் வைத்து அவரைக் கேலி செய்கிறார். அந்த ஆசாமி எழுதும் கதையில் வார்டன் ஒரு ராக்ஷஸன். கிழவர்கள் எல்லாரும் தேவதூதர்கள். உலகம் அப்படி இல்லை என்பது டிராலப்பின் கட்சி. அநியாயமான ஏற்பாடு ஒன்றில் நியாயமான மனிதன் உட்கார்ந்திருக்கலாம். அவனுக்கு அது அநியாயம் என்று தோன்றாமலே ஆயுள் முழுவதும் கழியலாம். ஏனென்றால் அவனுக்கு முன்னால் இருந்தவரும் அதையே வாங்கினார். இது உண்மை. டிக்கன்ஸின் ராக்ஷஸனைவிட இந்த உண்மை நமக்கு அதிகம் உபயோகப்படும்.

ஆனால் ராக்ஷஸர்களும் அடியோடு இல்லாமல் போகவில்லை. டிராலப் எழுதியிருக்க மாட்டார், டிக்கன்ஸ் எழுதியிருப்பார் என்று சொல்லத்தக்க ஒரு நிஜக் கதை 2010-ல் அமெரிக்காவில் வெளிவந்தது.

கலிபோர்னியாவில், லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் பெல் என்று ஒரு சின்ன நகரம். இரண்டரைச் சதுர மைல் பரப்பு. ஜனத்தொகை ஏறக்குறைய 35,000. பெரும்பாலும் ஸ்பானிஷ் பேசும் ஏழைத் தொழிலாளிக் குடும்பங்கள். அங்கெல்லாம் ஜனங்கள் தேர்ந்தெடுத்த கவுன்சில் ஒன்று இருக்கும். அந்தக் கவுன்சில் சம்பளத்துக்கு ஒரு நகர நிர்வாகியை அமர்த்திக்கொள்ளும். பெல் நகரத்தின் நிர்வாகி ராபர்ட் ரிஸோ. 1993-ல் வேலைக்கு வந்தபோது அவருக்கு வருஷச் சம்பளம் 72,000 டாலர். 2010 ஜூலையில் 'லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ்' பத்திரிகை அவருடைய சம்பளத்தை வெளியிட்டபோது அது 7,87,637 டாலர். அமெரிக்க ஜனாதிபதியின் சம்பளம் 4,00,000 டாலர் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் பருமன் புரியும். உதவி நிர்வாகிக்கு 3,76,288 டாலர். போலீஸ் தலைவருக்கு 4,57,000 டாலர். ஓய்வு நேரத்தில் வந்து போகும் கவுன்சில் அங்கத்தினர் ஐவரில் நால்வருக்கு வருஷத்துக்கு ஏறக்குறைய 1,00,000 டாலர்.

இது ஒரே நாளில் நடந்த கொள்ளை அல்ல. பதினேழு வருஷங்களில், படிப்படியாக, தீர்மானங்கள் போட்டு, கையெழுத்துகள் வாங்கி நடந்தது. 2005-ல் கலிபோர்னியாவில் சிறிய நகரங்களின் கவுன்சில் அங்கத்தினருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று சட்டம் வரம்பு கட்டியது. தனி சாசனம் வைத்துக்கொண்ட நகரங்களை அந்த வரம்பு கட்டுப்படுத்தாது. அதே 2005-ல் பெல் நகரம் தனி சாசனம் கேட்டு ஒரு விசேஷத் தேர்தல் நடத்தியது. ஓட்டுச் சீட்டில் சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஓட்டுப் போட வந்தவர்கள் சுமார் 400 பேர். அதன் பிறகு குப்பை அகற்றும் வாரியம், உபரிச் சொத்து வாரியம் என்று சில வாரியங்களின் பெயரில் அங்கத்தினர்களுக்குப் படி எழுதப்பட்டது. அந்த வாரியங்களின் கூட்டங்களில் சில, தொடங்கிய நிமிஷமே முடிந்தவை.

எனக்கு இந்தக் கதையில் மறக்க முடியாத இடம் கோர்ட்டோ சிறையோ அல்ல, ஒரு காகிதம்தான். 2008-ல், அதாவது பத்திரிகை வருவதற்கு இரண்டு வருஷம் முன்பே, ஊர்வாசி ஒருவர் நகர அலுவலகத்துக்குப் போய் நிர்வாகிக்கும் கவுன்சிலர்களுக்கும் சம்பளம் எவ்வளவு என்று எழுதிக் கேட்டார். கேட்க அவருக்குச் சட்டப்படி உரிமை உண்டு. பதிலும் கிடைத்தது. நிர்வாகிக்கு மாதம் 15,478 டாலர். கவுன்சிலர்களுக்கு மாதம் 673 டாலர். இரண்டுமே பொய்க் கணக்கு. இன்னொரு விசித்திரம், ஐந்தாவது கவுன்சிலர் ஒருவர் உண்மையிலேயே அந்த 673 டாலர்தான் வாங்கிக்கொண்டிருந்தார். பக்கத்து நாற்காலியில் இருப்பவர்கள் எவ்வளவு வாங்குகிறார்கள் என்பது தமக்கும் தெரியாது என்றார் அவர்.

ஹார்டிங்கிடம் யாரும் இப்படி எழுதிக் கேட்க வேண்டியிருக்கவில்லை. 800 பவுன் என்பது பார்ச்செஸ்டர் முழுவதும் அறிந்த தொகை. அதை அவர் மறைத்ததே இல்லை. மறைக்க வேண்டும் என்ற எண்ணமே அவருக்கு வந்ததில்லை. ஒரு தொகையைக் கொடுக்கிறவர் முகத்துக்கு நேரே சொல்ல முடிகிறதா என்பது முதல் பரீட்சை. இந்தப் பரீட்சையில் ஹார்டிங் தேறிவிடுகிறார். பெல் நகரத்தார் பொய்க் காகிதம் எழுதிய அன்றே தோற்றுவிட்டார்கள். அது நியாயமான சம்பளம் என்று அவர்களே நம்பியிருந்தால் பொய் எழுதியிருக்க வேண்டியதில்லை.

விஷயம் வெளிவந்ததும் ரிஸோ சொன்ன சமாதானம், தனியார் தொழிலுக்குப் போயிருந்தாலும் இந்தப் பணத்தைச் சம்பாதித்திருப்பேன், செய்த வேலைக்குக் கவுன்சில் கூலி கொடுத்தது என்பது. ஜனங்கள் கவுன்சில் மண்டபத்தை முற்றுகையிட்டார்கள். அந்த ஜூலையிலேயே ரிஸோவும் உதவி நிர்வாகியும் போலீஸ் தலைவரும் ராஜினாமா செய்தார்கள். செப்டம்பரில் எட்டுப் பேர் கைதானார்கள். 2011 மார்ச்சில் ஜனங்கள் ஓட்டுப் போட்டுக் கவுன்சிலையே திரும்ப அழைத்துக்கொண்டார்கள். 2013-ல் நடந்த விசாரணையில் ஆறு கவுன்சிலர்களில் ஐவர் குற்றவாளிகள் என்று முடிவாயிற்று; ஒருவர் விடுதலையானார். தம்மீது சாட்டப்பட்ட 69 குற்றங்களை எதிர்த்து வாதாடாமல் ஏற்ற ரிஸோவுக்கு 2014-ல் பன்னிரண்டு வருஷத் தண்டனை கிடைத்தது. பத்திரிகைக்கு 2011-ல் புலிட்ஸர் பரிசு கிடைத்தது. டிராலப்பின் 'ஜுபிடர்' செய்ததையே இந்தப் பத்திரிகையும் செய்தது. ஆனால் இங்கே அது செய்தது சரி. ஆகவே, பத்திரிகைகள் சம்பள விஷயத்தில் தலையிடுவதே கொடுமை என்று 'தி வார்டன்' நாவலை வைத்துக்கொண்டு யாரும் வாதம் செய்துவிட முடியாது.

இத்துடன் முடித்துக்கொண்டால் இது ஒரு சாதாரண நீதிக்கதை. நல்லவர் ஹார்டிங், கெட்டவர் ரிஸோ. நல்லவரைக் கேட்டது தப்பு. கெட்டவரைக் கேட்டது சரி. அப்படி முடிப்பதில்தான் நான் முதலில் சொன்ன வழுக்கல் இருக்கிறது.

கேள்வி யாரைப் பற்றியது? ஹார்டிங்கின் கதையைப் படிக்கும்போது அவருடைய முகத்தைப் பார்த்துக் கேள்வியை விட்டுவிடுகிறோம். ரிஸோவின் கதையைப் படிக்கும்போது அவருடைய முகத்தைப் பார்த்துக் கேள்வி தீர்ந்துவிட்டது என்று நினைக்கிறோம். ரிஸோவுக்குப் பந்தயக் குதிரைகள் இருந்தன. அவற்றில் ஒன்றுக்குப் பணத்தைச் செலவழிப்பது என்று பொருள்படும் பிரெஞ்சுப் பெயர். பத்திரிகையில் அதைப் படித்தவுடன் நமக்கு வேறு எதுவும் தேவைப்படுவதில்லை. குதிரையே வில்லனைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது. ஆனால் அந்தக் குதிரைகள் இல்லாத, கடன் இல்லாத, கோயிலுக்குப் போய் வருகிற, குழந்தைகளைக் கொஞ்சுகிற ஒரு நிர்வாகி அதே 7,87,637 டாலரை வாங்கியிருந்தால் பெல் நகரத்து ஏழைகளுக்கு ஒரு டாலராவது மிச்சமாகியிருக்குமா? சம்பளம் நாற்காலிக்கு உரியது. நாம் கேட்க வேண்டியவை நாற்காலியைப் பற்றிய கேள்விகள். தொகையை யார் நிர்ணயித்தார்கள்? எந்த வேலைக்காக? கொடுக்கிறவர்களுக்குச் சொன்னார்களா? உட்கார்ந்திருப்பவர் நல்லவரா என்பது அவர் வீட்டாருக்கும் கடவுளுக்கும் உள்ள விவகாரம்.

கதை எழுதுகிறவர்களுக்கு இது சங்கடமான முடிவு. எங்களுக்கு முகம்தான் கச்சாப் பொருள். நாற்காலியை வைத்துக் கதை எழுத முடியாது. ஆகவே ஒரு சம்பள விவகாரம் எங்கள் கைக்கு வந்தால், எங்களை அறியாமலே அதை ஒரு மனிதனின் குணமாக மாற்றிவிடுகிறோம். ஒரு நகரசபையின் முப்பது பக்கத் தீர்மானப் புத்தகத்தைவிட ஒரு பாதிரியாரின் நடுங்கும் விரல்கள் வாசகரைச் சீக்கிரம் தொடுகின்றன. இந்தச் சக்தியை டிராலப் நன்றாக உபயோகித்திருக்கிறார். அதற்கு அவர் கொடுத்த விலை, தமது பன்னிரண்டு கிழவர்கள். அவர்களில் பன்ஸ் என்ற விசுவாசி ஒருவரையும், ஆபெல் ஹாண்டி என்ற பேராசைக்காரர் ஒருவரையும் தவிர மற்றவர்கள் நம் மனத்தில் நிற்பதில்லை. தினம் 16 பென்ஸில் ஒரு கிழவன் எப்படி வாழ்ந்தான் என்று நாவலில் ஒரு அத்தியாயம் கிடையாது. வாங்குகிறவரின் மனச்சாட்சி அவருக்குத் தெரிந்த அளவு, யாருடைய பங்கு குறைந்ததோ அவர்களுடைய வயிறு தெரியவில்லை.

இருந்தும் நாவலில் ஒரு கட்டத்தில் டிராலப் தம் கலையின் வழுக்கலைத் தாமே தாண்டிவிடுகிறார். அதற்காகவே இந்தப் புத்தகத்தை மதிக்கிறேன். போல்ட் வழக்கை வாபஸ் வாங்கிவிடுகிறான். ஹார்டிங்கின் மகள் எலினார்மேல் அவனுக்குக் காதல். அத்துடன், வழக்குப் போட்டதே தப்பான ஆட்கள்மேல் என்று சட்ட நுணுக்கம் பேசி, சர் ஆபிரகாம் என்ற பெரிய வக்கீல் வெற்றியைக் கையில் வைத்திருக்கிறார். ஹார்டிங் ராத்திரி வேளையில் லண்டனில் அவரைப் போய்ப் பார்க்கிறார். வக்கீலுக்குச் சந்தோஷம். வழக்கு ஒழிந்தது, வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கும் என்கிறார். ஹார்டிங் கேட்பது வேறு. எனக்கு அந்தப் பணத்தில் நியாயமான பாத்தியதை உண்டா, இல்லையா? வக்கீலுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. எதிராளி ஓடிப்போன பிறகு நியாயத்தைப் பற்றி என்ன பேச்சு? ஹார்டிங் தம் கைகளில் இல்லாத வாத்தியத்தைக் காற்றில் வாசித்தபடி, ராஜினாமா செய்யப் போவதாகச் சொல்கிறார். 800 பவுனை விட்டு, வருஷத்துக்கு 75 பவுன் வருமானமுள்ள சிறிய கோயில் ஒன்றுக்குப் போய்ச் சேர்கிறார்.

சட்டப்படி சரி என்பதற்கும் சரி என்பதற்கும் உள்ள தூரம் அந்த ஒரு சந்திப்பில் தெரிந்துவிடுகிறது. 2005-ல் 400 ஓட்டுகளில் வாங்கிய சாசனம் பெல் நகரத்தாருக்கு ஒரு சர் ஆபிரகாம். சட்டம் தடுக்கவில்லை என்பது அவர்களுக்குப் போதுமாக இருந்தது. ஹார்டிங்குக்குப் போதவில்லை.

ஆனால் ராஜினாமாவால் கிழவர்களுக்கு என்ன லாபம்? ஒன்றுமில்லை. பிஷப் புது வார்டனை நியமிக்காமல் விட்டுவிடுகிறார். தோட்டம் பாழாகிறது. ஹார்டிங் கொடுத்த 2 பென்ஸும் நின்றுபோகிறது. கிழவர்களில் ஆறு பேர் இறந்துபோகிறார்கள். மிஞ்சியவர்கள் தமக்குள் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். கேட்டதன் பலன் இதுதான், பாருங்கள் என்று டிராலப் நம்மைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறார். இங்கே நான் அவரோடு ஒத்துப்போக முடியவில்லை. கெடுதல் வந்தது கேள்வியால் அல்ல. நானூறு வருஷம் யாரும் கேட்காமல் இருந்ததால் வந்தது. வருஷா வருஷம் சபையில் கணக்கை வாசித்து, வாடகை ஏற ஏறக் கிழவர்களின் படியையும் ஏற்றி வந்திருந்தால், போல்டுக்கு வழக்கு இல்லை. 'ஜுபிடருக்குச்' செய்தி இல்லை. வயதான ஒரு பாதிரியார் தம் தோட்டத்தை விட்டுப் போயிருக்கவும் வேண்டாம். வழக்கமாகக் கேட்கிற கேள்வி யாரையும் சுடுவதில்லை. நெடுநாள் கேட்காமல் விட்ட கேள்விதான், கேட்கும்போது நெருப்பாகிறது. கணக்கைத் திறந்து வைப்பதால் முதலில் காப்பாற்றப்படுகிறவர்கள் ஹார்டிங் போன்றவர்களே.

இதை டிராலப் அறியாதவர் என்று சொல்ல முடியாது. 1857-ல் வெளிவந்த அடுத்த நாவல் 'பார்ச்செஸ்டர் டவர்ஸ்'. அதில் பார்லிமெண்டு ஒரு சட்டம் போட்டு, சத்திரத்தில் பன்னிரண்டு கிழவிகளையும் சேர்த்து, வார்டனுக்கு இனி 450 பவுன் என்று நிர்ணயித்துவிட்டதாகப் போகிற போக்கில் எழுதுகிறார். ஒரு நாவல் முழுவதும் ரத்தம் கொதித்த பிரச்னை அடுத்த நாவலில் சில வரிகளில் தீர்ந்துவிட்டது! யாரும் அழவில்லை, யாரும் அவமானப்படவில்லை. தீர்வு அவ்வளவு சாதாரணமானது. சாதாரணமாக இருப்பதால் அதில் கதை இல்லை, அவ்வளவுதான்.

நிஜ உலகத்திலும் தீர்வுகள் அப்படிச் சுவாரஸ்யமில்லாதவையாகத்தான் வந்தன. பெல் விவகாரத்துக்குப் பிறகு 2010-ல் கலிபோர்னியா மாகாணத்தின் கணக்கு அதிகாரி, எல்லா நகரங்களும் தங்கள் உத்தியோகஸ்தர்களின் சம்பளத்தை அனுப்ப வேண்டும் என்று உத்தரவிட்டு, அதை யாரும் பார்க்கும்படி வெளியிடத் தொடங்கினார். இங்கிலாந்தில் 2009-ல் வந்த விதி, வருஷத்துக்கு 1,50,000 பவுனும் அதற்கு மேலும் சம்பளம் வாங்கும் உள்ளாட்சி மூத்த அதிகாரிகளைப் பெயரோடு கணக்கில் காட்டச் சொன்னது. 2011-ல் இயற்றப்பட்ட உள்ளாட்சிச் சட்டத்தின்படி, ஒவ்வொரு கவுன்சிலும் வருஷந்தோறும் சம்பளக் கொள்கை அறிக்கை ஒன்றைத் தயாரித்து, முழுச் சபையில் வைத்து ஒப்புதல் பெற வேண்டும். தலைமை அதிகாரிகளின் சம்பளத்துக்கும் மற்ற ஊழியர்களின் சம்பளத்துக்கும் என்ன உறவு என்பதையும் அதில் சொல்லியாக வேண்டும். நாம் மேலே போட்டோமே, ஒரு வார்டனுக்கும் ஒரு கிழவருக்கும் 33 மடங்கு என்று, அதே கணக்கை இப்போது சட்டமே போடச் சொல்கிறது. பொதுத்துறைச் சம்பளத்தைப் பற்றி 2011-ல் வில் ஹட்டன் கொடுத்த அறிக்கை, இருபது மடங்குக்கு மேல் போகக்கூடாது என்று உச்சவரம்பு கட்டலாமா என்ற யோசனையை ஆராய்ந்து, வேண்டாம் என்று விட்டுவிட்டு, எத்தனை மடங்கு என்பதை வெளியிட்டால் போதும் என்றது. அந்த முடிவு எனக்குச் சரியாகப் படுகிறது. எது அதிகம், எது குறைவு என்று ஒரே கோல் போட்டு அளக்க முடியாது. பல்லாயிரம் ஊழியர்களை வைத்துக்கொண்டு முதியோர், குழந்தைகள், சாலை, குப்பை என்று எல்லாவற்றையும் கவனிக்கிற ஒரு பெரிய நகரத்தின் தலைமை அதிகாரிக்கு நல்ல சம்பளம் கொடுத்தால்தான் நல்ல ஆள் வருவார் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. அந்த நியாயத்தைச் சபையில் எழுந்து, தொகையோடு சேர்த்துச் சொல்லட்டும் என்பதுதான் ஜனங்களின் பக்கத்து நியாயம்.

வெளியிட்டால் ஒருவர் சம்பளத்தைப் பார்த்து மற்றவரும் கூடக் கேட்பார், சம்பளம் ஏறிவிடும் என்றும் சொல்கிறார்கள். இருக்கலாம். பத்திரிகைகள் பட்டியல் போட்டு, வேலையைப் பற்றி ஒரு வரி எழுதாமல் தொகையை மட்டும் கொட்டை எழுத்தில் போட்டு எரிச்சலைக் கிளப்புவதும் உண்டு. 'ஜுபிடரின்' வம்சம் அற்றுப்போகவில்லை. அப்படிப்பட்ட தலைப்பைப் பார்க்கும்போதெல்லாம் ஹார்டிங்கை நினைத்துக்கொள்வது நல்லது. அந்தத் தலைப்பின் அடியில் ஒரு மனிதர் இருக்கிறார். அவருக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருக்கலாம். ஹார்டிங்கை நினைத்துக்கொண்ட பிறகும் பென்சிலை எடுத்துப் பெருக்கிப் பார்ப்பதை விட்டுவிடக் கூடாது.

பிற்காலத்தில் எழுதிய சுயசரிதையில் டிராலப் 'தி வார்டன்' பற்றிப் பேசுகிறார். தர்மப் பணத்தைச் சோம்பேறிப் பதவிகள் தின்பது ஒரு தீமை, அந்தப் பதவியில் இருப்பவர்களைப் பத்திரிகைகள் இரக்கமில்லாமல் தாக்குவது இன்னொரு தீமை, எதிரெதிரான இந்த இரண்டையும் ஒரே கதையில் சேர்க்கப் பார்த்தது தம் தவறு என்கிறார். ஆசிரியரே சொன்னாலும் நான் ஏற்க மாட்டேன். இரண்டையும் சேர்த்ததுதான் அந்தப் புத்தகத்தின் பெருமை. ஒன்றை மட்டும் எழுதியிருந்தால் அது துண்டுப் பிரசுரம்.

அந்தச் சுயசரிதை அவர் இறந்த மறு வருஷம், 1883-ல் வெளிவந்தது. அதன் கடைசிப் பகுதியில், தாம் எழுதிய புத்தகங்கள் ஒவ்வொன்றுக்கும் கிடைத்த பணத்தை வரிசையாக எழுதிக் கூட்டிக் காட்டியிருக்கிறார். மொத்தம் 68,939 பவுன் 17 ஷில்லிங் 5 பென்ஸ். 'தி வார்டன்' நாவலுக்கு முதலில் வந்த காசோலை 9 பவுன் 8 ஷில்லிங் 8 பென்ஸ் என்பதையும் மறைக்கவில்லை. கலைஞன் இப்படிக் கடைக்காரனைப் போலக் கணக்குக் காட்டலாமா என்று அந்தக் காலத்து ரசிகர்கள் பலர் முகம் சுளித்தார்கள். அவருடைய புகழ் மங்கியதற்கு அதுவும் ஒரு காரணம் என்பார்கள். அவருக்குப் பணம் கொடுத்தவர்கள் வாசகர்கள். அவர்களுக்குப் பென்ஸ் சுத்தமாகக் கணக்குச் சொல்லிவிட்டுப் போனார். நகரசபைகளில் பெரிய நாற்காலிகளில் இருப்பவர்களிடம் ஊர் ஜனங்கள் எதிர்பார்ப்பதும் அதற்கு மேல் ஒன்றுமில்லை.